தலையை இஸ்திரிக்குக் கொடுக்காதீர்கள்!

‘சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்’ என்று ஊர்ப்பக்கம் ஒரு சொலவடை உண்டு. பெண் பார்க்கப் போகிற பெரியம்மாக்கள் ஒரு காலத்தில் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பெண்ணின் பின்னலை நோட்டம் விடுவார்கள். கோரைப்புல் மாதிரி நேராக முடி வளர்ந்த பெண்களுக்கு இது அநியாயம். முடி எப்படி வளைகிறது என்பதற்கும் குடும்ப பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பெரியம்மாக்களை யாரும் கேட்டதில்லை.

இன்றைக்குச் சம்பந்தம் வந்துவிட்டது. ஆனால் உல்டாவாக! சுருட்டைதான் இப்போது குடியைக் கெடுக்கிறது. குறிப்பாக, முழுச் சுருட்டையும் இல்லாமல் நேராகவும் இல்லாமல் அலை அலையாக இறங்குமே, அந்த நெளி முடி.

நம்மூரில் நிறையப் பேருக்கு இருப்பது இந்த ரகம்தான். ஆனால், தனக்கு இருப்பது நெளி முடி என்பதே அவர்களில் பல பேருக்குத் தெரியாது. ‘எனக்கு டிரை ஹேர்’ என்பார்கள். ‘எனக்கு எப்பவும் பரட்டைதான்’ என்பார்கள். பிறந்ததிலிருந்து வறட்டு வறட்டென்று சீவி, எண்ணெய் வைத்து, இழுத்து இறுக்கிப் பின்னி, அந்த அலையை வெளியே தலைகாட்டவே விட்டதில்லை. என்றைக்காவது அவிழ்த்துவிட்டால் சிலுப்பிக்கொண்டு நிற்கும். உடனே அம்மாவின் குரல் வரும்: ‘என்னடி இது, பேய் மாதிரி தலையை விரிச்சுப் போட்டுட்டு!’

அம்மா ஆரம்பித்து வைத்ததை முடித்து வைக்க, தெருமுனையில் காத்திருக்கிறது பார்லர். நுனி வெட்டத்தான் போயிருப்பீர்கள். அந்தப் பெண் உங்கள் முடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பாள். முகத்தில் ஒரு டாக்டர் களை வந்துவிடும். ‘ரொம்ப டேமேஜ் ஆயிருக்கே மேடம். ஸ்மூத்தனிங் பண்ணிக்கலாமே?’

இந்த ‘டேமேஜ்’ என்ற ஒற்றை வார்த்தையில் ஓடுகிறது ஒரு பெரிய வியாபாரம். அதன்மேல்தான் என் கோபம்.

முதலில் முடி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். முடி கெரட்டின் என்கிற புரதம். தலைத்தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி செத்த பொருள், நகம் மாதிரி. அது நேராக வருமா, நெளிந்து வருமா என்பது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையின் வடிவத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வேர்ப்பை நேராக இருந்தால் முடி நேராக வளரும். அது வளைந்து, முடியின் குறுக்குவெட்டு வட்டத்திலிருந்து தட்டையானால், முடி நெளியும். இன்னும் வளைந்தால் சுருளும். நெளி முடி, கெட்டுப்போன நேர் முடி கிடையாது. அது புறப்படும்போதே நெளிந்துதான் புறப்படுகிறது.

நெளிந்து வருவதால் அதற்கு ஒரு கஷ்டம் உண்டு. தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய், நேர் முடியில் சறுக்குமரம் மாதிரி நுனி வரைக்கும் இறங்கிவிடும். நெளி முடியில் ஒவ்வொரு வளைவிலும் திணறி, பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் வேர்ப் பக்கம் பிசுபிசு, நுனிப் பக்கம் வறட்சி. நோய் கிடையாது, இயல்பு. கொஞ்சம் வேறு மாதிரி கவனிக்க வேண்டும், அவ்வளவே. அதைச் சொல்லித்தர யாரும் இல்லாத இடத்தில்தான் ‘ட்ரீட்மென்ட்’ என்ற போர்டு தொங்குகிறது. செத்த பொருளுக்கு என்ன சார் ட்ரீட்மென்ட்?

நம் முன்னோர்களுக்கு இந்தத் தாழ்வு மனப்பான்மை இருந்ததாகத் தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடி வடிந்த பிறகு கருமணலில் வரி வரியாக ஒரு நெளி நிற்கும். அதற்குச் சங்கத் தமிழில் ‘அறல்’ என்று பேர். பொருநராற்றுப்படையில் பாடினியின் அழகை உச்சி முதல் பாதம் வரை வர்ணிக்கிற புலவர், கூந்தலுக்குச் சொல்கிற உவமை அதுதான். கரிகாலன் காலத்தில் அழகாக இருந்தது, 1977-க்குள் வசவாகிவிட்டது. ‘16 வயதினிலே’ படத்தில் ரஜினிகாந்த் நடித்த அந்த வில்லனுக்கு என்ன பேர்? பரட்டை!

நடுவில் ஆம்பிளைகளுக்கு மட்டும் ஒரு பொற்காலம் இருந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர் தோளில் புரளப் புரள முடி வளர்த்திருந்தார். ஊரில் பாதி வாலிபர்கள் ‘பாகவதர் கிராப்’ வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் அதுவும் போயிற்று.

வெள்ளைக்காரர்கள் கதையைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. பாரீஸில் மார்செல் கிராட்டோ என்கிற முடி அலங்காரக்காரர் 1870-களில் ஒரு சூட்டுக் குறடு கண்டுபிடித்தார். எதற்கு? நேர் முடியில் அலை வரவழைக்க! ‘மார்செல் வேவ்’ என்று உலகமே அதன் பின்னால் ஓடியது. 1905-ல் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் லண்டனில் ஒரு மெஷினைக் காட்டினார். தொங்கும் பித்தளை உருளைகளில் முடியைச் சுற்றி, சூடேற்றி, நிரந்தர அலை உண்டாக்கும் மெஷின். பரிசோதனைக்கு வாய்த்தது அவர் மனைவியின் தலை. முதல் முயற்சிகளில் பாவம், அந்த அம்மாவின் முடி கருகி, தலைத்தோலும் புண்ணாகியிருக்கிறது. ஓர் அலைக்காக அவர்கள் பொண்டாட்டி தலையைப் பொசுக்கினார்கள். சும்மா கிடைத்த அலையை அழிக்க நாம் காசு கொடுத்துப் பொசுக்கிக்கொள்கிறோம்.

நான் படித்தது பி.காம். அதனால் எதைப் பார்த்தாலும் வரவு செலவு எழுதித்தான் புத்தி போகும். திருமலையில் பக்தர்கள் இறக்குகிற முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. நம்ம பக்கத்து மொட்டைத்தலைகளின் கூந்தல் கப்பலேறி, அமெரிக்காவில் ஒட்டுமுடியாகவும் சவுரியாகவும் விற்பனையாகிறது. அமெரிக்க நடிகர் கிறிஸ் ராக் தன் 2009 ஆவணப்படத்துக்காக இதைப் பார்க்க இந்தியாவுக்கே வந்து போனார். அங்கே கடைகளில் ‘இந்தியன் வேவி’ என்றே ஒரு ரகம் உண்டு. நெளி நெளியான நம் முடி, நல்ல விலை. ஆக, நெளி முடியை ஏற்றுமதி செய்துவிட்டு, மிச்சம் தலையில் இருக்கிற நெளியை நிமிர்த்த இஸ்திரிப் பெட்டியை இறக்குமதி செய்கிறோம். எந்த கணக்குப் புத்தகத்தில் இதை எழுதுவது?

இஸ்திரிப் பெட்டி என்று கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஸ்ட்ரெயிட்டனர் என்கிற அந்தக் கிடுக்கி 200 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குப் போகும். பருத்திச் சட்டைக்கு வைக்கிற சூடு. அந்தச் சூட்டில் நேரான முடி எவ்வளவு நேரம் நிற்கும்? பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஈரக்காற்று பட்டதும் பழைய குணம் திரும்பிவிடும். காரணம் உண்டு. முடியில் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் பட்டால் விடும், காய்ந்தால் மறுபடி பிடிக்கும். ராத்திரி ஈரத்தோடு பின்னிய சடையைக் காலையில் அவிழ்த்தால் அலை விழுகிறதே, அது இந்த விளையாட்டுதான். ஸ்ட்ரெயிட்டனர் இந்தப் பிணைப்போடு மட்டும்தான் விளையாடுகிறது. அதனால் ஒரு நாள் வாழ்க்கை.

நிரந்தரமாக நேராக்க வேண்டும் என்றால் அதைவிட ஆழமாக இருக்கிற கந்தகப் பிணைப்புகளை உடைக்க வேண்டும். ரீபாண்டிங்கில் செய்வது அது. ஒரு ரசாயனம் போட்டு உடைப்பார்கள், இஸ்திரி போட்டு நேராக்குவார்கள், இன்னொரு ரசாயனம் போட்டு அப்படியே ஒட்டிவிடுவார்கள். நேராகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் வேர்ப்பைக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் நெளி முடியைத் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

என் அக்கா மகளுக்கு நடந்தது இது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு பார்லரில் ஏழாயிரம் ரூபாய்க்கு முடியை நிமிர்த்திக்கொண்டாள். கூடவே ஒரு ஸ்பெஷல் ஷாம்பு, ஒரு சீரம், அது தனி பில். ஐந்தாவது மாதம் கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். மேலே இரண்டு அங்குலம் அலை, கீழே பலகை. இரண்டும் சேருகிற இடத்தில் கையை வைத்தால் முடி ஒடிகிறது. பார்லரில் போய்க் கேட்டால், ‘டச்சப்புக்கு வந்திருக்கணுமே மேடம்’ என்கிறார்கள், என்னவோ இவள் தவணை கட்டத் தவறிய மாதிரி. உண்மையிலேயே தவணைதான். வருஷத்துக்கு இரண்டு முறை, ஆயுசு பூராவும். எந்த பேங்க் மேனேஜரும் இவ்வளவு நம்பகமான கடன்காரரைப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் தோளோடு வெட்டிவிட்டோம். வேலை கிடைத்தது, வெட்டின பிறகு.

இது காசு போன கதை. உடம்பு போகிற கதை வேறு இருக்கிறது.

2018-ல் மீனில் பார்மலின் கலக்கிறார்கள் என்று செய்தி வந்தது ஞாபகமிருக்கிறதா? கேரளாவிலும் சென்னையிலும் மீன் பக்கம் போகவே ஜனம் பயந்தது. பார்மலின் என்பது பார்மால்டிஹைடு வாயுவைத் தண்ணீரில் கரைத்தது. பிணம் கெடாமல் வைக்கிற திரவம். அந்த பார்மால்டிஹைடுதான், ‘கெரட்டின் ட்ரீட்மென்ட்’ என்று பிரேசிலிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய பல சரக்குகளில் வேலை செய்கிற ஆசாமி. மீனில் இருந்தால் அலறுகிறோம். தலையில் தடவி, சூடான இஸ்திரியால் ஆவியாக்கி, மூக்குக்கு நேராகக் காட்டினால் டிப்ஸ் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் 2010-ல் பார்லர் பெண்கள், கண் எரிகிறது, மூச்சு திணறுகிறது என்று புகார் கொடுத்தார்கள். பாட்டிலைச் சோதித்தார்கள். ‘பார்மால்டிஹைடு இல்லை’ என்று லேபிள். உள்ளே தாராளமாக இருந்தது. புற்றுநோயை ஆராய்கிற உலக அமைப்பு, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே முத்திரை குத்திய ரசாயனம் இது. முடி நேராக்கும் சரக்குகளில் இதைத் தடை செய்யத் திட்டமிருப்பதாக அமெரிக்க எஃப்.டி.ஏ. 2023-ல் அறிவித்தது. அப்புறம் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தது. வியாபாரம் எவ்வளவு கனமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2022-ல் வெளியான ஓர் அமெரிக்க அரசு ஆய்வு, 33,497 பெண்களைப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்தது. முடி நேராக்கும் ரசாயனத்தை வருஷத்தில் நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் எழுபது வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவிகிதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64. இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை, இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்றது. நானும் அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.

‘அதெல்லாம் பழசு மேடம், எங்க சரக்கு பார்மால்டிஹைடு ஃப்ரீ’ என்பார்கள். சரி, அதற்குப் பதில் என்ன இருக்கிறது? பல சரக்குகளில் கிளையாக்ஸிலிக் அமிலம். 2024-ல் ஓர் உலகப் புகழ் மருத்துவ இதழில் பிரான்ஸ் டாக்டர்கள் ஒரு கேஸை எழுதினார்கள். 26 வயதுப் பெண். வேறு எந்த வியாதியும் கிடையாது. மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டாள். மூன்று முறையும் வாந்தி, முதுகுவலி, சிறுநீரகக் கோளாறு. அந்த க்ரீமில் இருந்தது இந்த அமிலம். க்ரீமை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தார்கள். அதுகளின் சிறுநீரகத்திலும் படிகம் படிந்தது.

நீங்களாவது வருஷத்துக்கு இரண்டு நாள். ஏசி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் நாலு தலைக்கு இதைத் தேய்க்கிற அந்தப் பார்லர் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மிசோரமிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ பிழைக்க வந்தவளாக இருப்பாள். ‘டேமேஜ்’ என்று சொல்லச் சொல்லி அவளுக்கு டார்கெட் கொடுத்திருப்பார்கள். அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

இத்தனையும் எதற்கு? நெளி முடியைச் சமாளிக்கத் தெரியாததற்கு. தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மாதம். செலவு? பார்லர் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. சொல்கிறேன்.

முதலில் உங்கள் முடி எது என்று பாருங்கள். தலைக்குக் குளித்துவிட்டு, சீப்பே படாமல், எதுவும் தடவாமல் காயவிடுங்கள். பிரி பிரியாகப் பிரிந்து ஆங்கில ‘எஸ்’ மாதிரி வளைந்தால், நெளி முடி. அமெரிக்க டி.வி. ராணி ஓப்ரா வின்ஃப்ரேயின் முடி அலங்காரக்காரர் ஆண்ட்ரே வாக்கர் இதை 2ஏ, 2பி, 2சி என்று வகை பிரித்து வைத்திருக்கிறார். ரேஷன் கார்டு மாதிரி. ஆரம்பத்தில் அந்த எழுத்தைப் பற்றியெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே தலையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும்.

எண்ணெய் குளிப்பதற்கு முன்னால்தான். ஒரு மணி நேரம் முன்பு, நீளத்துக்கும் நுனிக்கும் தேங்காய் எண்ணெய். அது முடிக்குள் ஊறி, புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனிக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; பாட்டி அதற்கு நூறு வருஷம் முன்பே சொல்லிவிட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளித்த பிறகு எண்ணெய் வழிய வழிய வைத்தால் அலை படுத்துவிடும்.

ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும். வாரம் இரண்டு தடவை போதும், சென்னை வேர்வைக்கு வேண்டுமானால் மூன்று. தினமும் ஷாம்பு போட்டு, ‘கீச் கீச்’ என்று சத்தம் வந்தால்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். நம் கடலூர்க்காரர்கள் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து, ஏழை வீட்டுக் குளியலறை வரை கொண்டுபோனது பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. ஆனால், சீயக்காயோடு வீட்டில் இருந்த செம்பருத்தி இலையும் வடிகஞ்சியும் அந்தச் சாஷே வந்ததும் வெளியே போய்விட்டன. அவை இரண்டும்தான் அந்தக் காலத்துக் கண்டிஷனர். நெளி முடிக்கு ஷாம்புவைவிட கண்டிஷனர்தான் முக்கியம். கடையில் வாங்கினாலும் சரி, செம்பருத்தி இலையைக் கசக்கிக் கொழகொழவென்று எடுத்தாலும் சரி, நீளத்துக்குத் தாராளமாகப் போடுங்கள்.

சிக்கு எடுப்பது அப்போதுதான், அங்கேயேதான். கண்டிஷனர் தலையில் இருக்கும்போது விரலாலோ பெரிய பல் சீப்பாலோ நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். அதோடு சீப்புக்கு அடுத்த குளியல் வரை லீவு! காய்ந்த நெளி முடியைச் சீவினால், சேர்ந்திருக்கும் பிரிகளெல்லாம் உதிரியாகிச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். நீங்கள் இத்தனை வருஷம் ‘பரட்டை’ என்று நினைத்தது பெரும்பாலும் உங்கள் சீப்பு செய்த வேலை.

போர்வெல் தண்ணீர் வீடா? கடைசி இரண்டு மக் மட்டுமாவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் முடியை நாராக்கிவிடும்.

அடுத்தது துண்டு. டர்க்கி டவலால் அரக்கித் தேய்க்காதீர்கள். முடியை முன்னால் போட்டுத் துண்டால் பட் பட்டென்று அடிப்பதும் வேண்டாம். வெளிநாட்டில் இதற்குப் பழைய பருத்தி டி-ஷர்ட்டைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். நமக்கு ஈரிழைத் துண்டு இருக்கிறதே! தலையைக் குனிந்து, துண்டில் முடியை வாங்கி, சும்மா ஒற்றி எடுங்கள்.

இனி அலை பிடிக்கிற வேலை. இரண்டு ஸ்பூன் ஆளி விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு பதத்தில் வந்ததும், சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறினால் வடியாது, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. இதுதான் ஜெல். முடி ஈரமாக இருக்கும்போதே ஒரு கை எடுத்து நீளமெல்லாம் தடவுங்கள். தலையைச் சாய்த்து, நுனியை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தலையை நோக்கிக் கொண்டுபோய், பிடி கொழுக்கட்டை பிடிப்பது மாதிரி ஓர் அழுத்து. அங்கங்கே பிடித்து விடுங்கள். அவ்வளவுதான். காயும் வரை தொடாதீர்கள். பக்கத்தில் ஃபேன் ஓடினால் மெதுவாக வையுங்கள். காய்ந்ததும் முடி அப்பளம் மாதிரி விறைப்பாக இருக்கும். பயந்துவிட வேண்டாம், ஜெல்தான் அப்படி நிற்கிறது. கையால் மெதுவாகக் கசக்கிவிட்டால் விறைப்பு உதிர்ந்து, உள்ளேயிருந்து மெத்தென்று அலை வரும். மிச்ச ஜெல்லை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், நாறும்.

ராத்திரி உச்சியில் தளர்வாக ஒரு கொண்டை. தலையணை உறைக்குப் பழைய பட்டுப் புடவைத் துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டால் உராய்வு குறையும். காலையில் கலைந்திருந்தால் கையை நனைத்து மறுபடி ஒரு கொழுக்கட்டை. ஆண்களுக்கும் இதேதான், நீளம் குறைவு என்பதால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரம் சுமாராகத்தான் இருக்கும்; ஒரு பக்கம் அலையும் ஒரு பக்கம் வைக்கோலுமாக நிற்கும். கை பழக வேண்டும், தோசை சுடுவதற்கு ஆகவில்லையா? ஐப்பசி மழையில் எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் சிலுப்பும். சிலுப்பட்டுமே.

இதில் இன்னொரு கும்பல் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. ‘நெளி முடி அழகுதான், அதற்கு எங்கள் கிட் வாங்குங்கள்’ என்று. பெட்டிக்குள் ஆறு பாட்டில். சேர்த்துத் துவைக்க ஒன்று, விட்டுவைக்க ஒன்று, எழுப்பிவிட ஒன்று. நேராக்க வாங்கிய காசை இப்போது நெளிக்க வாங்குகிறார்கள். ஆரம்பிக்கிறவருக்கு மூன்றே சரக்குதான் தேவை: ஒரு ஷாம்பு, ஒரு கண்டிஷனர், ஒரு ஜெல். மூன்றாவது மளிகைக் கடையிலேயே இருக்கிறது.

‘ஆபீசில் நீட்டாக இருக்க வேண்டாமா?’ என்று ஹெச்.ஆரில் வேலை பார்க்கிற தோழி கேட்டாள். நீட் என்றால் நேர் என்று எந்த அகராதியில் இருக்கிறது? கறுப்பினத்தவர் முடியைச் சாக்கிட்டு வேலை மறுப்பதைத் தடுக்க, கலிஃபோர்னியா 2019-ல் தனிச் சட்டமே போட்டது. நம்மூரில் சட்டமெல்லாம் வேண்டாம். விளம்பரம் எடுக்கிறவர்கள், கல்யாண போட்டோவுக்கு மேக்கப் போடுகிறவர்கள் கொஞ்சம் கண்ணைத் திறந்தால் போதும். 2015-ல் ‘பிரேமம்’ சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. அனுபமா பரமேஸ்வரனின் அந்தச் சுருட்டை முடியைப் பார்த்து நம் பையன்கள் உருகினார்கள். அதே பையன்களின் வீட்டு நிச்சயதார்த்தத்தில் கல்யாணப் பெண்ணை இஸ்திரி போட்டுத்தான் மேடை ஏற்றுகிறார்கள்.

‘என் முடி, என் இஷ்டம்’ என்று ஒரு கட்சி இருக்கிறது. வாஸ்தவம். நேராக இருந்தால்தான் பிடிக்கும் என்றால் நேராக்கிக்கொள்ளுங்கள், நான் யார் குறுக்கே வர? ஆனால் இஷ்டம் என்று சொல்கிறவர், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். நாற்காலியில் உட்காரும் முன்னால் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். கிண்ணத்தில் ஊற்றியதை இல்லை, பாட்டிலை. பார்மால்டிஹைடு, பார்மலின், மெத்திலீன் கிளைகால் இவையெல்லாம் ஒரே ஆளின் வெவ்வேறு வேஷம். கிளையாக்ஸிலிக் அமிலம் இன்னொரு ஆள். இதில் எது இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். லேபிளே இல்லை, கிழிந்துவிட்டது, மாற்று பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறோம் என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கழுத்தில் கட்டிய அந்தக் கறுப்புத் துணியை மட்டும் மறக்காமல் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.